முகம் மட்டும் பாக்கி

கம்பைநல்லூர்
18.1.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

பொங்கலெல்லாம் நல்லபடியாக முடிந்தது. நானும் மகள் கலைமணியும் சௌக்கியம். பேரன் அருண்குமார் ஓசூரிலிருந்து வந்து மூன்று நாள் இருந்து போனான். தொண்டை ஆபரேஷன் ஆன இடம் இப்போது எப்படி இருக்கிறது? கஞ்சி தவிர வேறு ஏதாவது இறங்குகிறதா? புனேயில் குளிர் அதிகம் என்று டிவியில் சொன்னார்கள். கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ.

உனக்குப் பேச்சு போனதிலிருந்து எனக்கு உன்னோடு சண்டை போட ஆளில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் கலைமணி முதலில் படித்துவிடுகிறாள். அதனால்தான் தபால்.

விஷயம் இதுதான். எங்கள் ஊர்ப் பட்டாளத்துக்காரர் சங்கம் உன் மச்சானுக்கு ஒரு நடுகல் நடப்போகிறது. சங்கத்துச் செயலாளர் காளியப்பன் வீட்டுக்கே வந்து சொன்னான். "நம்ம சீமையில அந்தக் காலத்துல மாடு மீட்டவனுக்கெல்லாம் கல்லு நட்டிருக்காங்க. எழுபத்தொண்ணு சண்டையில செத்தவருக்கு ஒரு கல்லு இல்லாம இருக்கலாமுங்களா ஆத்தா"ன்னு கேட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கல்தச்சர் மாதவராஜ் வேலையை ஆரம்பித்துவிட்டார். துப்பாக்கி, பூட்ஸ், தொப்பி எல்லாம் செதுக்கியாச்சு. முகம் மட்டும் பாக்கி. போட்டோ கேட்கிறார். எங்களிடம் இருந்த ஒரே கல்யாணப் போட்டோ பென்ஷன் காகிதங்களோடு போனது உனக்குத் தெரியும். திரும்பி வரவே இல்லை.

அவர் நடித்த மிலிட்டரி படத்தை எடுத்தது நீங்கள்தானே. நீ கேமராக்காரரோடு அங்கே இருந்தாயே. அதை எப்படியாவது வாங்கி அனுப்பு. சீக்கிரம் அனுப்பு.

உன் தங்கை
பாஞ்சாலி


புனே
4.2.2024

பிரியமுள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கல் நடும் சேதி படித்துச் சந்தோஷம். இட்லியை மோரில் கரைத்துக் குடிக்கிறேன், இறங்குகிறது. மருமகள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். உனக்கு மூட்டு வலி எப்படி? கலைமணிக்கு நல்லம்பள்ளி தாலுகா ஆபீஸ் வேலையில் இன்னும் எத்தனை வருஷம்?

படம் பற்றிக் கேட்டிருந்தாய். அது சினிமா மாதிரி இல்லை பாஞ்சாலி. சிப்பாய்களுக்குப் பாடம் சொல்ல மிலிட்டரி எடுத்த படம். அந்த மாதிரி நூற்றுக்கணக்கில் எடுத்தோம். துப்பாக்கி துடைப்பது எப்படி, பனியில் காலைக் காப்பாற்றுவது எப்படி, இப்படி. நிறையப் பழைய சுருள்கள் வீணாய்ப் போய்விட்டன. டெல்லியில் இருந்தாலும் கேட்டு வாங்கப் பெரிய அனுமதி வேண்டும். நான் ரிட்டையர் ஆகி எத்தனையோ வருஷம். என்னை அங்கே யாருக்குத் தெரியும்?

விசாரிக்கிறேன். ரொம்ப நம்பிக்கை வைக்காதே.

இந்தப் பக்கம் புளி கிலோ கண்டபடி விற்கிறது. வரும் யாரிடமாவது நம் மரத்துப் புளி கொடுத்து அனுப்பு.

அண்ணன்
மாரப்பன்


கம்பைநல்லூர்
20.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். புளி கொட்டை எடுத்து வைத்திருக்கிறேன். படம் வந்தால் புளி வரும்.

உனக்கு ஞாபகம் இல்லாததுபோல எழுதியிருக்கிறாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எழுபத்தொண்ணு சித்திரையில் நீங்கள் படம் எடுத்தீர்கள். வைகாசியில் அவர் லீவில் வந்தார். வந்ததும் வராததுமாக, "ஏ பாஞ்சாலி, நான் சினிமாவுல நடிச்சிட்டேன் தெரியுமா? படமே என்னை வெச்சுத்தான். பதினஞ்சு நாள் பரேடு இல்ல, ஓட்டம் இல்ல, முட்டை குடுத்து நடிக்க வெச்சாங்க. எல்லாம் உங்கண்ணன் ஏற்பாடு"ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நடந்து காட்டு என்று பசங்கள் கேட்டால், தொப்பியைச் சுழற்றிக்கொண்டு விசில் அடித்து நடந்து காட்டுவார். என் மாமியார் சுற்றிப்போட்டார்.

அது எந்த மாதிரிப் படம் என்று நான் கேட்கவில்லை. அவர் அதில் இருக்கிறார். அது போதும்.

மாதவராஜ் கல்லை இப்போது பள்ளிக்கூடத்து மைதானத்தில் கொண்டுவந்து போட்டிருக்கிறார். உடம்பெல்லாம் இருக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடம் மொழுமொழுவென்று இருக்கிறது. போகிற வருகிற பெண்கள் அதற்கே மஞ்சள் தடவி வைக்கிறார்கள். எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்கவில்லை.

விசாரிக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, யாரிடம் விசாரித்தாய் என்று எழுது.

பாஞ்சாலி


புனே
28.4.2024

பிரியமுள்ள தங்கச்சிக்கு,

பதில் தாமதம். செக்கப்புக்கு அலைச்சல். மற்றபடி சுகம். அங்கே வெயில் எப்படி? மாங்காய் பிடித்திருக்கிறதா?

டெல்லிக்கு எழுதிப் போட்டேன். ஒன்றும் தகவல் இல்லை.

நானே யோசித்துப் பார்த்தேன். நம் பக்கத்து நடுகல்லையெல்லாம் சின்ன வயதில் பார்த்திருக்கிறோமே, எதிலாவது முகம் தெளிவாக இருக்கிறதா? ஒரு ஆள், கையில் ஒரு கத்தி, அவ்வளவுதான். அதைத்தான் ஜனங்கள் கும்பிடுகிறார்கள். மாதவராஜிடம் சொல்லி லட்சணமாக ஒரு மீசை வைத்து முடித்துவிடச் சொல். வேண்டுமானால் நான் வாயால் சொன்னபடி, மன்னிக்கவும், எழுதினபடி செய்யட்டும். வட்ட முகம், அகலமான நெற்றி. மச்சான் சென்றாயன் எதற்கும் கோபித்துக்கொள்ள மாட்டான்.

உன் கடிதத்தில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. கண்ணாடியை மாற்று.

அண்ணன்
மாரப்பன்


கம்பைநல்லூர்
9.5.2024

அண்ணா,

நலம். உன் நலம் எழுதினாய், தெரிந்துகொண்டேன்.

எவனோ ஒருத்தன் மூஞ்சியை வைத்து அதற்கு நான் பொட்டு வைத்துக் கும்பிட வேண்டுமா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? வட்ட முகம், அகல நெற்றி என்றால் இந்த ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். ராத்தல் எண்ணெய் தலையில் வைக்கும் காளியப்பன்கூட அப்படித்தான் இருக்கிறான்.

கலைமணி வயிற்றில் இருக்கும்போது அவர் போனார். ஐம்பத்திரண்டு வயசாகிறது அவளுக்கு. பெற்ற அப்பன் முகம் தெரியாது. சின்னதில், "எங்கப்பா எப்பிடிம்மா இருப்பாரு"ன்னு கேட்பாள். கண்ணாடியைக் காட்டி, உன்ன மாதிரிதான்டி என்பேன். இப்போது கேட்பதில்லை. கேட்காததால் ஆசை இல்லை என்று அர்த்தமா?

கண்ணாடி பற்றியெல்லாம் நீ கவலைப்பட வேண்டாம். உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இந்த ஒன்றைச் செய். முடியாது என்றால் முடியாது என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடு. மாங்காய், வெயில் என்று எழுதாதே.

பாஞ்சாலி


நல்லம்பள்ளி
3.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் உடல்நிலை தேவலையா? வாட்ஸ்அப்பில் மூன்று முறை கேட்டேன். நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. அதனால் ஆபீஸில் உட்கார்ந்து இந்தக் கடிதம் எழுதுகிறேன். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

அம்மாவுக்குக் கண்ணுக்குள் பிரஷர். நரம்பு கெட்டுக்கொண்டே வருகிறது. போன வருஷமே இடது கண் பாதி போய்விட்டது. இப்போது வலது கண்ணும் மங்குகிறது. சேலத்தில் காட்டினோம். போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் இருப்பது கொஞ்ச நாள் நிற்கும் என்றார் டாக்டர். எவ்வளவு நாள் என்று கேட்டேன். "ஆடி தாண்டினா சந்தோஷம்மா" என்றார்.

உங்களுக்குச் சொல்லலாம் என்றேன். "வேண்டாம். பரிதாபப்பட்டு ஒண்ணும் அவன் அனுப்ப வேண்டாம். தங்கச்சி கேட்டான்னு அனுப்பட்டும்" என்று சொல்லிவிட்டார். வெயிலில் உட்கார்ந்து, காகிதத்தை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டுதான் உங்களுக்கு எழுதுகிறார்.

மாமா, உங்களிடம் அந்தப் படம் இருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். இல்லாவிட்டால் இல்லை என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருப்பீர்கள். நீங்கள் சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. இருந்தால் ஆடிக்குள் அனுப்பிவிடுங்கள். காரணம் எதுவாக இருந்தாலும் நான் கேட்க மாட்டேன்.

தங்கள் மருமகள்
கலைமணி


புனே
22.8.2024

பாஞ்சாலிக்கு,

நலமா என்று கேட்கக்கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் கண் விஷயம் கலைமணி எழுதினாள். அவளைத் திட்டாதே.

படம் என்னிடம் இருக்கிறது. இருபது வருஷமாக என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பழைய சுருள்களை சீடிக்கு மாற்றிய காலத்தில் தெரிந்த ஒருவரிடம் கேட்டு வாங்கினேன். ஒரு தரம் போட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகு தொடவில்லை. டெல்லிக்கு எழுதினேன் என்றது பொய். இப்போது பேரன் அதை பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறான். கவரில் வைத்து, விலாசம் எழுதி, நாற்பது நாள் மேஜையில் வைத்துக்கொண்டிருந்தேன். ஆடி முடிந்தது எனக்குத் தெரியும்.

ஏன் என்று சொல்கிறேன். நீயே படித்துவிடு. யார் வாயாலும் கேட்காதே.

அது கண்ணிவெடி புதைத்த நிலத்தில் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் படம். சண்டை வரும்போல இருந்ததால் அவசரமாக எடுத்தார்கள். அதில் இரண்டு சிப்பாய்கள். ஒருவன் ஹோஷியார் சிங், எல்லாவற்றையும் சரியாகச் செய்பவன். இன்னொருவன் லாபர்வா சிங், அதாவது அசட்டைக்காரன், எல்லாவற்றையும் தப்பாகச் செய்து சாகிறவன். ஹோஷியாருக்கு ஆள் கிடைத்துவிட்டான். லாபர்வாவுக்குத்தான் கிடைக்கவில்லை. "பார்த்ததுமே சிரிப்பு வர வேண்டும், அப்படி ஒரு அப்பாவி முகம் வேண்டும்" என்றார் எங்கள் ஆபீசர். சென்றாயனின் பட்டாளம் பக்கத்து முகாமில்தான் இருந்தது. "சார், என் மச்சான் இருக்கான்" என்று நான்தான் சொன்னேன்.

நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன் பாஞ்சாலி. பதினைந்து நாள் என்னோடு இருப்பான், நன்றாகச் சாப்பிடுவான், நாமெல்லாம் சினிமாவில் வந்தோம் என்று பேசிக்கொள்ளலாம். அவன் என்னமாய் நடித்தான் தெரியுமா? சிவப்புச் சாயம் அடித்த கல்லைப் பார்க்காமல் விசில் அடித்துக்கொண்டே போவான். ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து பீடி பற்ற வைப்பான். வெடிக்கும். நாங்கள் மாவும் புகையும் வைத்து வெடிக்கச் செய்தோம். முகமெல்லாம் கரியோடு மல்லாந்து கிடப்பான். "லாபர்வா போய்விட்டான், நீங்கள் போய்விடாதீர்கள்" என்று இந்தியில் குரல் வரும். அந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கத்தான் எடுத்தோம்.

அந்த வருஷம் ஆவணியிலிருந்து படத்தை முகாம் முகாமாகப் போட்டுக் காட்டினார்கள். அவனுடைய பட்டாளத்திலும் காட்டினார்கள். ஐப்பசியில் எனக்கு அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இன்னும் வைத்திருக்கிறேன். அப்படியே எழுதுகிறேன்:

"மச்சான், எங்க போனாலும் என்னைய லாபர்வான்னுதான் கூப்பிடறாங்க. சாப்பாட்டு வரிசையில தட்டை நீட்டுனா, வெடிக்கப் போவுது தள்ளி நில்லுங்கடான்னு சிரிக்கறாங்க. புதுசா வந்த பசங்ககூட சிரிக்கறாங்க. மொதல்ல நானும் சேந்துதான் சிரிச்சேன். இப்ப முடியல. படத்துல என் துண்டை மட்டும் வெட்டிட்டு வேற ஆளை வெச்சு எடுக்க முடியுமான்னு உங்க ஆபீசரைக் கேளு மச்சான்."

நான் பதில் போடவில்லை. முடியாது என்பதுதான் பதில். அதை எழுதச் சங்கடப்பட்டு, நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளினேன். மார்கழி பிறப்பதற்குள் தந்தி வந்துவிட்டது.

மறு வருஷம் நல்லம்பள்ளி பச்சியப்பன் என்னைப் பார்க்க வந்தான். அவர்கள் இரண்டு பேரும் ஒரே பிளாட்டூன். கண்ணிவெடி நிலத்துக்குள் இரண்டு பேர் அடிபட்டுக் கிடந்திருக்கிறார்கள். யார் போகிறீர்கள் என்று கேட்டதும் சென்றாயன் எழுந்திருக்கிறான். எவனோ ஒருவன், "லாபர்வா, நீ வேண்டாம்டா, நீ படத்திலேயே செத்தவன்" என்றிருக்கிறான். அந்த நேரத்திலும் நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். அவன் போனானாம். முட்டி போட்டு, கத்தியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்து, ஹோஷியார் சிங் செய்தானே, அதேபோல அச்சு அசலாக. ஒருவனை இழுத்துக்கொண்டு வந்து சேர்த்துவிட்டான். இரண்டாவது ஆளைக் கொண்டுவரப் போனபோது வெடித்துவிட்டது. அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. சரியாகச் செய்தாலும் வெடிக்கும் என்று நாங்கள் படத்தில் சொல்லவில்லை.

ஊர் அவனை நடுகல்லில் வைத்துக் கும்பிடும்போது, அவன் கோமாளியாய்ச் சாகிறதைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜம் என்னவென்றால், அதைப் பார்த்ததும் நீ என்னைக் கேட்பாய் என்று பயம். நான் கோழை. நீ எவ்வளவு திட்டினாலும் பொறுத்துக்கொள்கிறேன். எழுது.

உன் அண்ணன்
மாரப்பன்


கம்பைநல்லூர்
5.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். கவர் வந்து சேர்ந்தது. பென் டிரைவ் நன்றாக இருக்கிறது.

அம்மாவுக்கு ஆடி பதினெட்டுக்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. வாசல் பக்கம் வெளிச்சம் இருக்கிறது என்கிற அளவுக்குத்தான் தெரிகிறது. அதனால் உங்கள் கடிதத்தை நான்தான் பிரித்தேன். நீயே படி, யார் வாயாலும் கேட்காதே என்று நீங்கள் எழுதிய வரியை நான்தான் படித்தேன்.

படத்தை வீட்டில் போட்டோம். அம்மா என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். பதினொரு நிமிஷப் படத்தில் மூன்றாவது நிமிஷம் வந்தார் எங்கப்பா. மாமா, அவருக்கு இருபத்தி நாலு வயசு. என் மகன் வயசு. அருண்குமார் சிரித்தால் கன்னத்தில் எப்படிக் குழி விழுமோ அப்படி விழுகிறது. ஐம்பத்திரண்டு வயசில் அப்பாவைப் பார்த்தால் என்னென்னவோ தோன்றும் என்று நினைத்திருந்தேன். எனக்கு அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போட வேண்டும்போல இருந்தது.

"எங்கடி இருக்காரு? இப்ப என்ன பண்றாரு?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கையை நீட்டி லேப்டாப்பைத் தடவினார். மரக்கட்டையில் உட்கார்ந்து பீடி பற்ற வைக்கிற நேரம். நான், "முன்னாடி நடந்து போறாரும்மா. மத்தவங்க அவரு கால் வெச்ச எடத்துலயே கால் வெச்சுப் பின்னாடி போறாங்க" என்றேன். "பின்ன? படமே அவரை வெச்சுத்தானே" என்று அம்மா சிரித்தார்.

உங்கள் கடிதத்தை நான் படித்துக் காட்டவில்லை. மாமா என்ன எழுதியிருக்காரு என்றார். டெல்லியில் கஷ்டப்பட்டு வாங்கினாராம் என்றேன்.

காரணம் கேட்க மாட்டேன் என்று எழுதியிருந்தேன். கேட்கவும் இல்லை. ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேஜையில் வைத்திருந்த நாற்பது நாளில் ஒரே ஒரு நாள் நீங்கள் எழுந்து தபால் ஆபீஸுக்குப் போயிருந்தால், எங்கம்மா பார்த்திருப்பார். எனக்கு உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது மாமா.

மாதவராஜுக்கு முகத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன். கரி பூசாத இடத்தில் நிறுத்தி எடுத்தேன்.

கலைமணி


புனே
14.9.2024

அன்புள்ள கலைமணிக்கு,

ஆசிகள். உன் கோபம் நியாயம். நீ இன்னும் நாலு வார்த்தை அதிகமாக எழுதியிருந்தாலும் நியாயம்தான்.

ஆனால் அந்தக் கடிதம் உனக்கு எழுதினது இல்லை அம்மா. அவளுக்கு எழுதினது. நீ அதை மறைத்தால் அவள் எனக்கு நன்றி சொல்லுவாள். கஷ்டப்பட்டு டெல்லியில் வாங்கின அண்ணன் என்று ஊரில் சொல்லிக்கொள்வாள். அதை என்னால் தாங்க முடியாது. படித்துக் காட்டு. ஒரு வரி விடாமல் படித்துக் காட்டு. எனக்கு எழுபத்தெட்டு முடிகிறது. தொண்டையில் மறுபடியும் ஏதோ இருக்கிறது என்று ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அவள் மனசு உடையும் என்று நீ நினைத்தால் செய்யாதே. நீ அவள் பெண், உனக்குத்தான் தெரியும். ஆனால் எனக்காக ஒரு தரம் யோசி.

மாமா
மாரப்பன்


கம்பைநல்லூர்
15.12.2024

(மாமாவுக்கு வணக்கம். அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு வார்த்தையும் மாத்தக்கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். கலைமணி)

அண்ணா, நல்லா இருக்கறயா? ஸ்கேன்ல என்னா சொன்னாங்க? எழுதாம இருக்காத. நான் நல்லாத்தான் இருக்கறன். வூட்டுக்குள்ள நடந்துக்கறன், சோத்தைத் தட்டுல தடவிச் சாப்புட்டுக்கறன். மழைதான் இந்த வருசம் ஊத்தித் தள்ளிருச்சு.

உன் கடுதாசியைக் கலைமணி படிச்சுக் காட்டுனா. மூணு மாசம் மறைச்சு வெச்சிருந்து, கார்த்திகை தீபத்துக்கு மொத நாள், தேம்பித் தேம்பிப் படிச்சா. எதுக்குடி அழுவறன்னு கேட்டன்.

அவரு என்னா வேசம் கட்டுனாருன்னு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? எனக்கும் எழுதுனாரு. என்னைய லாபர்வான்னு கூப்பிடறாங்க பாஞ்சாலி, அதுக்கு என்னா அர்த்தம்னு கேக்காதன்னு எழுதுனாரு. அர்த்தத்த அப்பறமா நானே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டன். கடைசியா வந்த கடுதாசியில, "உங்கண்ணனுக்கு லெட்டர் போட்டன், பதிலக் காணோம். ஒடம்பு கிடம்பு செரியில்லையோ என்னமோ, நீ ஒரு வரி போட்டு விசாரி"ன்னு எழுதியிருந்தாரு. உன் மேல கோவமாயெல்லாம் இல்ல. உனக்கு ஒடம்பு செரியில்லைன்னு கவலைப்பட்டாரு. நான் வாந்தியெடுத்துக்கிட்டுக் கெடந்தன், நானும் விசாரிக்கல. அதனால அதுக்கு உன்னைய நான் எப்புடித் திட்டறது? அந்தக் கடுதாசிய இத்தன வருசமா ஒருத்தருகிட்டயும் காட்டல. நீயா ஒரு நாளு சொல்லுவன்னு இருந்தன்.

ஆனா இருவது வருசம் பொட்டியில வெச்சிருந்த பாரு, அதுக்குத் திட்டறன். நல்லா இருப்பியா நீ? பாவி, எனக்குக் கண்ணு இருந்துச்சே அப்ப. ஊசியில நூலு கோத்துக்கிட்டு இருந்தனே. கோமாளின்னா என்னா, கரி பூசுனா என்னா, என் புருசன்தான அது?

பதினோராந்தேதி கல்லு நட்டாங்க. காளியப்பன் மைக்குல என்னென்னமோ பேசுனான். மாதவராஜு உளி வெச்சுக் கல்லுக்குக் கண்ணு தெறந்தாரு. கூட்டம் சரியான கூட்டம். எல்லாரும் வந்து, "ஆயா, அச்சு அசல் அவரேதான்"னு சொல்றாங்க. யாரு பாத்தா அவர? செத்தவங்க போக மிச்சம் இருக்கறது நீயும் நானுந்தான்.

கூட்டம் போனப்பறம் கலைமணி என்னையக் கூட்டிக்கிட்டுப் போயி கைய எடுத்துக் கல்லு மேல வெச்சா. மூக்கத் தொட்டன். மீசையத் தொட்டன். கன்னத்துல குழி கூட வெச்சிருக்காரு. யாரோ ஒரு ஆளு மாதிரிதான் இருந்துச்சு.

இத இத்தினி வருசமா நான் ஒருத்தருகிட்டயும் சொன்னதில்ல. இப்ப இவ எழுதறதால இவளுக்கும் தெரிஞ்சு போவுது, போவட்டும். அவரு மூஞ்சி எனக்கு ஞாபகம் இல்லண்ணா. கல்யாண லீவு, அப்பறம் அந்த வைகாசி லீவு, ரெண்டும் சேத்து அம்பத்திரெண்டு நாளு. கொஞ்ச வருசம் இருந்துச்சு. இவ பொறந்து வளர வளர இவ மூஞ்சி வந்து அது மேல ஒக்காந்துக்கிச்சு. குரலு ஞாபகம் இருக்குது. பீடி வாசன ஞாபகம் இருக்குது. மூஞ்சி போயிருச்சு. ஊருல எல்லாம், "பாஞ்சாலி புருசன் நெனப்புலயே காலத்த ஓட்டிட்டா"ன்னு சொல்லுவாங்க. எனக்குக் குத்தும். கல்லுக்குன்னு கேட்டன், கலைமணிக்குன்னு கேட்டன். எனக்காவத்தான் கேட்டன். ஒரே ஒரு தரம் பாத்துக்கலாம்னு இருந்தன்.

நீ பதினஞ்சு நாளு கேமராகிட்ட நின்னு அவரையேதான பாத்த. புருவம் எப்புடி இருக்கும், சிரிச்சா பல்லு எந்தப் பக்கம் தெரியும், யோசன பண்ணுனா மூஞ்சி எப்புடிப் போவும், எல்லாத்தையும் எழுதி அனுப்பு. லாபர்வாவா நடிச்சதையும் எழுது. ஒண்ணும் விடாத. கலைமணி படிச்சுக் காட்டுவா.

பாஞ்சாலி